அத்தியாயம் 7: மஸில்லோடருக்கு ஸ்கோப் வாங்குவது எப்படி

ஜனவரி முதல் வாரம். ஓஹையோவின் தென்கிழக்கு மலைக்காடு. பரணிலிருந்து 30 கஜத்தில் ஒரு மான் வந்து நின்றது. வெறுங்கண்ணுக்கே அதன் காது மடல் அசைவது தெரிந்தது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றி ஸ்கோப்பில் கண் வைத்தேன். ஒரே பழுப்பு மயிர். கழுத்தா, விலாவா, தொடையா, ஒன்றும் பிடிபடவில்லை. முந்தின நாள் சுடுதளத்தில் காகித இலக்கைப் பார்க்க 16 மடங்குக்குத் திருகியதை அப்படியே விட்டிருந்தேன். வளையத்தைத் திருப்பக் கையை எடுத்தேன். அந்த அசைவு போதுமாக இருந்தது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மான் சரிவில் இறங்கிவிட்டது.

அந்த ஸ்கோப்பை நான் ஆசைப்பட்டு வாங்கினேன். 4 முதல் 16 மடங்கு, 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, தூக்கினால் கனம். நீண்ட தூரம் சுடும் ரைபிளுக்கு அது நல்ல கருவிதான். என் துப்பாக்கிக்கு அது பொருந்தாத மாப்பிள்ளை. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது அத்தனையும் இந்த ஒன்றில் அடங்கும்: ஸ்கோப்பைக் கடைக்காரரின் கண்ணாடி அலமாரி தீர்மானிக்கக் கூடாது, துப்பாக்கியின் எட்டும் தூரம் தீர்மானிக்க வேண்டும்.

மஸில்லோடர் என்பது குழலின் வாய்ப்பக்கமாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் கெட்டிக்கும் துப்பாக்கி. நம் ஊர்ச் செய்தித்தாள்களில் 'நாட்டுத் துப்பாக்கி' என்று வருவதும் இந்த இனம்தான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்த நூல் பேசுவது அமெரிக்க மாநிலங்களில், உரிமம் எடுத்து, சீசனுக்குள் நடக்கும் வெள்ளைவால் மான் வேட்டையைப் பற்றி மட்டுமே.

முதலில் விதிப் புத்தகம்

பணப்பையைத் திறக்கும் முன் உங்கள் மாநிலத்தின் அந்த ஆண்டு வேட்டை விதிப் புத்தகத்தைத் திறங்கள். மஸில்லோடருக்கென்று தனி சீசன் ஒதுக்கியதன் நோக்கமே பழைய முறையில் கிட்டே போய்ச் சுடட்டும் என்பது. அதனால் சில மாநிலங்களில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. கொலராடோவின் மஸில்லோடர் சீசனில் ஸ்கோப் கூடாது. ஐடஹோவின் தனி சீசனிலும் வெறும் குறிமுனை அல்லது துளைக்குறிதான். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கும் சீசன் சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கிகளுக்கே உரியது. அதில் ஸ்கோப் என்ற பேச்சே கிடையாது. யூட்டா 2016-இல் பெருக்கிக் காட்டும் ஸ்கோப்பை அனுமதித்து, 2024-இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.

ஆகவே 'போன வருஷம் பார்த்தேனே' என்பது பதில் ஆகாது. ஓஹையோ, அயோவா போன்ற மாநிலங்களில் ஸ்கோப் போடலாம் என்பதால் இந்த அத்தியாயம் அந்த நிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

ஸ்கோப் அவசியம்தானா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் குறிமுனையில் சுடும்போது பின்குறி, முன்குறி, மான் என்று மூன்று இடத்தில் கண் வேலை செய்ய வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு இதில் ஒன்றாவது மங்கும். ஸ்கோப் குறியையும் மானையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதுவே முதல் லாபம், பெருக்கம் அப்புறம்தான்.

துப்பாக்கி எவ்வளவு தூரம் போகும்?

இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான மஸில்லோடர்கள் 'இன்லைன்' வகை. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், குழலுக்கு நேர் பின்னால் இருந்து நெருப்பைத் தள்ளும். 1985-இல் மிசூரியில் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 இந்த வகையைப் பரவலாக்கிய துப்பாக்கி. ஸ்கோப் பொருத்த மேல்பக்கம் திருகுத் துளையோடு துப்பாக்கிகள் வரத் தொடங்கியதும் இதன் தொடர்ச்சியாகத்தான்.

இப்போது கணக்கு. .50 காலிபர் இன்லைன் துப்பாக்கியில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த 250 கிரெய்ன் குண்டு, விநாடிக்குச் சுமார் 1,800 அடி வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கஜத்தில் சரியாக மையத்தில் விழும்படி ஸ்கோப்பை அமைத்தால், 150 கஜத்தில் அது 4 அல்லது 5 அங்குலம் கீழே விழும். 200 கஜத்தில் ஓரடியோ அதற்குச் சற்று மேலோ இறங்கிவிடும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று இருந்தால் 200 கஜத்தில் பக்கவாட்டிலும் பத்து அங்குலம் போல விலகும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ 8 அங்குல வட்டம், ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சிறிது. மீதியை நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

150 கஜம் வரை நிம்மதி. 200 கஜம் பயிற்சி உள்ளவருக்கு மட்டும். அதற்கு மேல் ஸ்கோப் மானைக் கிட்டே காட்டும், குண்டைக் கிட்டே கொண்டுபோகாது. ரைபிளில் முதல் குண்டு தவறினால் இரண்டு விநாடியில் அடுத்தது தயார். இங்கே மறுபடி மருந்து அளந்து, குண்டு வைத்து, கெட்டித்து, பிரைமர் மாட்டி நிமிர்வதற்குள் காயம்பட்ட மான் அடுத்த பண்ணையில் இருக்கும்.

எத்தனை மடங்கு?

காட்டுக்குள் பரணில் உட்காருபவருக்குப் பெரும்பாலான சந்தர்ப்பம் 100 கஜத்துக்குள்தான் வரும். அங்கே 2 முதல் 7 மடங்கு ஸ்கோப் ரொம்பவே போதும். அறுவடை முடிந்த சோள வயலின் ஓரத்தில், அயோவா பக்கம் டிசம்பர் கடைசியில் உட்காருபவருக்கு 3 முதல் 9 மடங்கு பொருந்தும். இரண்டுக்கும் மேல் எனக்குத் தெரிந்து தேவை எதுவும் இல்லை.

மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணைப் பாருங்கள். 3 மடங்கில் வைத்தால் 100 கஜத்தில் 30 அடிக்குமேல் அகலம் தெரியும். 9 மடங்கில் அது 12 அல்லது 13 அடியாகச் சுருங்கிவிடும். 30 கஜத்தில் என்றால் வெறும் 4 அடி. என் 16 மடங்கில் இரண்டடிதான் தெரிந்தது. அதனால்தான் அன்று எனக்கு மயிர் மட்டும் தெரிந்தது.

அகலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மஸில்லோடர் வெடித்ததும் எதிரே வெள்ளைப் புகை மூடும். மான் எந்தப் பக்கம் பாய்ந்தது, வால் தூக்கியதா, முதுகு வளைந்ததா என்பதெல்லாம் அந்தப் புகையின் ஓரத்தில் ஒரு கணம்தான் தெரியும். குறைந்த பெருக்கத்தில் இருப்பவர் அதைப் பிடித்துவிடுவார். ரத்தத்தடம் தேடும்போது அந்த ஒரு கணம் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: பரணில் ஏறியதும் வளையத்தை மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். தூரத்தில் வரும் மானுக்குப் பெருக்கத்தைக் கூட்ட நேரம் கிடைக்கும். கிட்டே வந்த மான் குறைக்க நேரம் தராது.

இன்னொன்று, மானைத் தேடுவதற்கு ஸ்கோப்பைப் பயன்படுத்தவே கூடாது. ஸ்கோப் பார்க்கும் பக்கமெல்லாம் துப்பாக்கி வாயும் பார்க்கும். புதருக்குப் பின்னால் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். தேடுவதற்குக் கழுத்தில் பைனாகுலர். சுடுவதற்கு மட்டும் ஸ்கோப்.

விடியலும் அந்தியும்

பெரும்பாலான மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்வரை சுடலாம். மான் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். அதனால் ஸ்கோப்பின் உண்மையான பரீட்சை மத்தியான வெயிலில் இல்லை.

இதற்கு ஓர் எளிய வகுத்தல் கணக்கு. முன்கண்ணாடியின் மில்லிமீட்டரைப் பெருக்கத்தால் வகுங்கள்; உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடி 9 மடங்கில் 4.4 மில்லிமீட்டர் தரும். அதையே 5 மடங்குக்கு இறக்கினால் 8. மங்கலில் மனிதக் கருவிழியின் பாவை 5 முதல் 7 மில்லிமீட்டர் வரைதான் விரியும். வயதானால் இன்னும் குறையும். ஆக, அந்தியில் படம் இருண்டால் பெரிய கண்ணாடி வாங்க வேண்டியதில்லை. பெருக்கத்தைக் குறைத்தால் போதும். 50 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு, ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் வளையம் உயரமாக இருக்க வேண்டும். உயரமான வளையம் வந்தால் கன்னம் கட்டையில் பதியாது, தலை மிதக்கும், குறி தவறும். 32 முதல் 40 வரை உள்ள கண்ணாடி இந்தத் துப்பாக்கிக்குச் சரியான அளவு.

கண்ணாடியின் மேல்பூச்சுதான் விலையில் பெரிய பங்கு. எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். 'பூச்சு உள்ளது' என்று மட்டும் அட்டைப்பெட்டியில் இருந்தால் அது ஒரே ஒரு பரப்பில் ஒரே ஓர் அடுக்காகவும் இருக்கலாம்.

உதைப்பும் புருவமும்

என் நண்பர் ஒருவருக்கு வலது புருவத்துக்கு மேல் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. 'துப்பாக்கி முத்தம் கொடுத்தது' என்பார். மேட்டில் நின்ற மானை நோக்கிச் சுடும்போது முகம் முன்னே போயிருக்கிறது. துப்பாக்கி பின்னே உதைத்திருக்கிறது. இடையில் இருந்தது ஸ்கோப்பின் உலோக விளிம்பு.

கறுப்பு மருந்தின் மாற்றான பைரோடெக்ஸோ டிரிபிள் செவனோ 100 கிரெய்ன் போட்டால் உதைப்பு தாங்கும். 150 கிரெய்ன் போட்டு 300 கிரெய்ன் குண்டு வைத்தால் அது .30-06 ரைபிளின் உதைப்பைத் தாண்டிவிடும். ஆகவே கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே எவ்வளவு தள்ளி வைத்தால் முழுப் படம் தெரிகிறது என்பதுதான் நீங்கள் அட்டைப்பெட்டியில் தேட வேண்டிய முதல் எண். மூன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாம்; 4 அங்குலம் இருந்தால் நல்லது. சில ஸ்கோப்புகளில் பெருக்கத்தைக் கூட்டினால் இந்த இடைவெளி சுருங்கும். அதனால் உச்சப் பெருக்கத்தில் எவ்வளவு என்று பாருங்கள்.

கடையிலேயே சோதிக்கலாம். கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடும் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். கோடையாக இருந்தாலும் கையில் எடுத்துப்போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் பதித்துக் கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் பளிச்சென்று தெரிந்தால் சரி. ஓரத்தில் கறுப்பு நிழல் பிறையாக விழுந்தால் ஸ்கோப்பை முன்னேயோ பின்னேயோ நகர்த்த வேண்டும். கழுத்தை நீட்டிச் சரிக்கட்டினீர்கள் என்றால், பரணில் குளிரில் நடுங்கும்போது அந்தக் கழுத்து உங்கள் பேச்சைக் கேட்காது.

குறிக்கம்பிகள்

கண்ணாடிக்குள் தெரியும் சிலுவைக் கோடுகளுக்குக் குறிக்கம்பி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஓரத்தில் தடித்து, நடுவில் மெலிந்த சாதாரணச் சிலுவைதான் காட்டுக்கு ஏற்றது. மங்கலில் மெல்லிய கம்பி மறைந்தாலும் தடித்த நான்கு கைகளும் கண்ணை நடுவுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

மஸில்லோடருக்கென்றே செய்த குறிக்கம்பிகளும் உண்டு. நடுச்சிலுவைக்குக் கீழே வட்டங்களோ கோடுகளோ அடுக்கி, 'இது 150, இது 200' என்று தூரத்துக்கு ஒன்றாகக் கொடுத்திருப்பார்கள். லியூபோல்டின் அல்டிமேட்ஸ்லாம், நிக்கான் விற்ற ஒமேகா ஸ்கோப்பின் வட்டங்கள் இந்த வகை. இவற்றை வாங்குமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அந்தக் கோடுகள் ஒரு குறிப்பிட்ட குண்டு, குறிப்பிட்ட வேகம் என்று வைத்துப் போட்டவை. உங்கள் குண்டு 300 கிரெய்ன் என்றால் கோடு பொய் சொல்லும். இரண்டு, இந்த விலையில் கிடைக்கும் ஸ்கோப்புகளில் பெருக்கத்தை மாற்றினாலும் குறிக்கம்பி அதே அளவில் நிற்கும், பின்னால் இருக்கும் மான்தான் பெரிதாகும். அதனால் அந்தக் கோடுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான், பெரும்பாலும் உச்சத்தில்தான், சரியாக வரும். 9-இல் 200 கஜம் காட்டும் கோடு 5-இல் வேறெதையோ காட்டும். மான் வந்த படபடப்பில் வளையம் எந்த எண்ணில் இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

கோடுகள் இல்லாமலே வேலை நடக்க ஒரு வழி உண்டு. 100 கஜத்தில் குண்டு 2 அங்குலம் மேலே விழும்படி அமையுங்கள். மேலே சொன்ன குண்டும் வேகமும் என்றால், அப்போது கைக்கெட்டும் தூரத்திலிருந்து 150 கஜம் வரை நடுவில் குறி வைத்தாலே அந்த 8 அங்குல வட்டத்துக்குள் விழும். யோசிக்க வேண்டிய வேலை ஒன்று குறைந்தது.

பாரலாக்ஸ் என்ற சொல்லும் அட்டைப்பெட்டியில் இருக்கும். தலையை லேசாக அசைத்தால் குறிக்கம்பி இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றும் பிழை அது. ரைபிள் ஸ்கோப்புகளில் இது பொதுவாக 100 அல்லது 150 கஜத்தில் இல்லாதபடி செய்திருப்பார்கள். மஸில்லோடருக்கும் ஷாட்கன்னுக்கும் செய்தவற்றில் 50 அல்லது 75 கஜத்தில். குறைந்த பெருக்கத்தில் வேறுபாடு மிகச் சிறியது. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பொருத்தும்போது

ஸ்கோப்புக்குச் செலவழித்துவிட்டு வளையத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் நிறைய. தளர்ந்த திருகுதான் 'ஸ்கோப் கெட்டுப்போச்சு' என்று திரும்பி வரும் புகார்களில் பாதிக்குக் காரணம் என்று ஒரு துப்பாக்கி மெக்கானிக் என்னிடம் சொன்னார். எஃகு அல்லது நல்ல அலுமினிய அடித்தளத்தை எடுங்கள். திருகுப் புரியில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, அளவு காட்டும் முறுக்கியால் முறுக்குங்கள்.

மஸில்லோடருக்கே உரிய மூன்று சோதனைகள்:

ஒன்று, நடுவில் மடித்துத் திறக்கும் துப்பாக்கியில் ஸ்கோப்பின் பின்பகுதி பிரைமர் வைக்கும் இடத்தின்மேல் கவிந்து நிற்கும். கையுறை போட்ட விரலால் பிரைமரை வைக்கவும் எடுக்கவும் முடிகிறதா?

இரண்டு, வெளியே தெரியும் சுத்தியல் உள்ள துப்பாக்கியில் ஸ்கோப் வந்ததும் கட்டைவிரலுக்கு இடம் இருக்காது. சுத்தியலின் பக்கவாட்டில் திருகும் நீட்டிப்புத் துண்டு சில டாலருக்குக் கிடைக்கும். விரைத்த கட்டைவிரலில் சுத்தியல் நழுவினால் அது விபத்து. அந்தத் துண்டை மறக்காதீர்கள்.

மூன்று, சுத்தம் செய்யப் பின்பக்கத் திருகடைப்பைக் கழற்ற ஸ்கோப் தடையாக இருக்கக் கூடாது. பைரோடெக்ஸ் கரி உலோகத்தை அரிக்கும்; சுட்ட அன்றே கழுவியாக வேண்டும். கழுவும்போதெல்லாம் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் குறி நிலைக்காது.

குறி அமைத்தல்

முதலில் 25 கஜத்தில் சுடுங்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு 'க்ளிக்' 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கஜத்தில் அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம்தான். குண்டு 3 அங்குலம் கீழே விழுந்திருந்தால் 48 க்ளிக் மேலே திருப்ப வேண்டும். புதியவர்கள் 12 க்ளிக் திருப்பிவிட்டு 'நகரவே இல்லையே' என்று கையைப் பிசைவது இங்கேதான். 25-இல் மையம் வந்ததும் 100-க்குப் போங்கள்.

ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று குழலுக்குள் விட்டெடுங்கள். கரி படிந்த குழலில் அடுத்த குண்டு வேறிடம் போகும். அதைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்பினால் பேயைத் துரத்துவதுபோல் ஆகிவிடும். குழல் சூடானால் பிளாஸ்டிக் உறை இளகும், ஆறவிட்டுச் சுடுங்கள். மூன்று குண்டு சுட்டு, மூன்றின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள், ஒரு குண்டை நம்பாதீர்கள். கடைசியாக, வேட்டையன்று குழல் எந்த நிலையில் இருக்கப்போகிறதோ அதே நிலையில், குளிர்ந்த குழலில் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று வேறொரு நாள் பாருங்கள். மானுக்குப் போகப்போவது அந்த முதல் குண்டுதான்.

குளிரும் ஈரமும்

ஸ்கோப்புக்குள் நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்திருந்தால் உள்ளே பனிமூட்டம் பிடிக்காது. வெளியே பிடிப்பதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். உறைகுளிரில் இருந்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி மட்டுமல்ல, குழலும் வியர்க்கும், மருந்து ஈரமாகும். பிரைமரை எடுத்துவிட்டு, விதி எதைச் சொல்கிறதோ அதன்படி, பூட்டிய குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மூடித் திறக்கும் கண்ணாடி மூடிகளை வாங்கி மாட்டுங்கள். குறி வைக்கும்போது கண்ணாடியின்மேல் மூச்சு விடாதீர்கள். இவ்வளவுதான்.

வாங்கும் முன் ஒரு தடவை

உங்கள் மாநிலத்தில், அந்தச் சீசனில் ஸ்கோப்புக்கு அனுமதி உண்டா?
கீழ்ப் பெருக்கம் 2 அல்லது 3-இல் தொடங்குகிறதா?
உச்சப் பெருக்கத்திலும் கண் இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கு மேலா?
முன்கண்ணாடி 40-க்குள் இருந்து, தாழ்ந்த வளையத்தில் உட்காருமா?
எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா?
கையுறையோடு பிரைமர் மாட்ட முடிகிறதா?
கனத்த கோட்டோடு கண் திறந்ததும் முழு வட்டம் தெரிகிறதா?

என் பழைய ஸ்கோப் இப்போது சுடுதள ரைபிளில் இருக்கிறது. அங்கே அது சந்தோஷமாக இருக்கிறது. மஸில்லோடரில் 2 முதல் 7 மடங்கு, 32 மில்லிமீட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறேன். அடுத்த ஜனவரியில் அதே பரணில் உட்கார்ந்தபோது, 180 கஜத்துக்கு அப்பால் வயல் விளிம்பில் ஒரு கொம்பன் நடந்தது. 7 மடங்கில் பார்த்தும் அது சின்னதாகத்தான் தெரிந்தது. காற்றும் குறுக்கே அடித்தது. பெரிய ஸ்கோப்பாக இருந்திருந்தால் விசையை இழுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். இழுக்கவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பிரைமரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.